பூட்டிய அரங்கில் தீர்ந்த வாயு

ஞாயிறு மாலை

கடிதம் எழுதச் சொன்னால் காத தூரம் ஓடும் என் வீட்டுக்காரருக்கு, அன்புடன் எழுதுவது.

இங்கே மாமாவும் நானும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதியது நீங்கள் என்பதால்தான் அதை அப்படியே நம்ப முடியவில்லை. போனில் பேசும்போது நடுநடுவே உங்கள் பக்கம் சத்தமே இல்லாமல் போகிறது. கேட்டால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். சிக்னல் போனால் பேச்சு பாதியில் அறுபட வேண்டும். உங்களுக்கு மட்டும் வாக்கியம் முழுசாக முடிந்து, மூச்சு வாங்குகிற இடத்தில் சொல்லிவைத்த மாதிரி சிக்னல் போகிறது. இருமுவதற்காகப் போனின் வாயைப் பொத்துகிற ஆளை நான் என்ன செய்ய? அனல்மின் நிலையத்துக் கொதிகலனுக்குள் இறங்கிச் சாம்பல் சுரண்டிப் பழுது பார்க்கும் வேலை என்று தெரிந்துதான் அனுப்பினேன். ஆனால் மேற்பார்வையாளர் என்றால் வெளியே நின்று பார்ப்பவர் என்று நினைத்துவிட்டேன்.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டச் சொல்கிறார்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இதைப் போனில் பேச முடியாது. போன் அடித்தாலே மாமா பக்கத்தில் வந்து நிற்கிறார். தன்னுடைய டயாலிசிஸ் செலவுக்காகத்தான் மகன் அங்கே கிடக்கிறான் என்ற பேச்சு காதில் விழுந்தால், அடுத்த தடவை வீட்டை விட்டுக் கிளம்பமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொள்வார். அதனால்தான் காகிதம்.

என் பதில் இதுதான்: அவசரப்படாதீர்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு விரிவாக்க நிதி வரப்போகிறது. வந்தால் முதல் வேலையாக எட்டு டயாலிசிஸ் நாற்காலி போடப்போகிறார்கள். முழுக்க இலவசம். ஊழியர் குடும்பத்துக்கும் அதில் இடம் உண்டு என்று என் மேலதிகாரியே சொன்னார். அது கிடைத்துவிட்டால் மாமாவைத் தனியார் மையத்துக்கு அழைத்துப் போக வேண்டாம். நீங்கள் அங்கே இருக்கவும் வேண்டாம். அந்த நிதிக்கான அறிக்கை என் மேஜையில்தான் இருக்கிறது. எனக்கு எவ்வளவு அக்கறையாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாமாவின் ரத்தத்தை இயந்திரம் கழுவித் தரும் நாளெல்லாம் எனக்குக் கச்சேரிதான். அவருக்குக் குடிக்க அளந்துதான் தண்ணீர் என்று உங்களுக்குத் தெரியும். போன வாரம் அந்த இயந்திரத்துக்குப் பின்னால் போகும் குழாயைக் காட்டி, ஒரு ஆளைச் சுத்தம் பண்ண எவ்வளவு தண்ணீர் என்று நர்ஸைக் கேட்டிருக்கிறார். பெரிய பீப்பாய் அளவு போகும், அதைச் சுத்திகரிக்கும்போது சாக்கடைக்குப் போவது தனி என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். “எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்க மூக்கால அழறீங்க, இந்த மெஷினுக்கு மட்டும் பீப்பாய் பீப்பாயா ஊத்துறீங்க” என்று வார்டே சிரிக்கும்படி சத்தம் போட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய குரல், குறையவே இல்லை. பிறகு கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டார். எங்கேயிருந்து வருகிறது அந்தக் கரண்ட் என்றும் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், எனக்கும் இப்போது அதுதான் வேலை. இந்த வருஷம் புது உத்தரவு வந்திருக்கிறது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தான் எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். ஜெனரேட்டர், சலவைக்கூடத்துக் கொதிகலன், ஏசி, ஆம்புலன்ஸ், மயக்கம் கொடுக்கும் வாயு எல்லாமே அதில் சேர்த்தி. திட்டப் பிரிவில் யார் தலையில் கட்டலாம் என்று பார்த்தார்கள். ஜன்னல் ஓரமாக, ஜெனரேட்டர் புகைக் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான்.

வேலையோடு வேலையாக என் ஆசைக்கு ஒன்று செய்தேன். ஒரு பெரிய தாளில் மூன்று கோடு போட்டேன். இந்த ஊர் வைத்தியத்துக்குச் செய்யும் செலவு சிவப்பு. இந்த ஊர் எரிக்கும் எரிபொருளின் புகை கறுப்பு. இந்த ஊரின் வருமானம் பச்சை. நாம் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இன்று வரைக்கும். மூன்றும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறுகின்றன, ஒன்று சறுக்கினால் மற்றதும் சறுக்குகிறது. பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கம் போயிற்று. இதில் யார் யாரை இழுக்கிறார்கள்? வருமானம் வந்ததால் வைத்தியம் பார்க்கிறோமா? புகை வந்ததால் வைத்தியம் பார்க்கிறோமா? இல்லை, வைத்தியம் பார்ப்பதே வருமானமாகவும் புகையாகவும் எழுதப்படுகிறதா?

ஆள் ஆளாகக் கேட்டேன். என் மேலதிகாரிக்கு நான் வைத்திருக்கும் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும், ஏறுமுகம் சார். மேலே போகாத கோட்டைக் கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வளர்ச்சிதான் இஞ்சின், மற்ற இரண்டும் பின்னால் வரும் பெட்டி என்று ஒரே போடாகப் போட்டார். நுரையீரல் டாக்டரம்மா, தன்னுடைய வரிசையில் நிற்கிறவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து பேசு என்றார். வேறொரு ஊரில் கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டு, கொதிகலனையும் மாற்றிய பிறகு, சிவப்பு ஏறியும் கறுப்பு இறங்கியிருக்கிறது என்றும் சொன்னார். அப்படியானால் மூன்றையும் கட்டியிருக்கும் கயிறு அவிழ்க்கக்கூடிய கயிறுதான். மாமாவிடம் கேட்டேன். யார் ஓட்டுறாங்கன்னு அப்புறம் பார்க்கலாம், வண்டி எங்க போவுதுன்னு முதல்ல கேளு என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீங்கள் அந்தக் கறுப்புக் கோட்டின் அடிவயிற்றுக்குள்ளேயே நின்று வேலை செய்கிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எழுதுங்கள்.

முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். வியர்க்கிறது என்று கழற்றி இடுப்பில் தொங்கவிடும் பழக்கம் வேண்டாம்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி


வியாழன், மதிய இடைவேளை

என் அன்புள்ளவருக்கு,

மாமா நலமாக இருக்கிறார். குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு, கேட்டால் பல்வலி என்கிறார். பல் செட்டுக்கு என்ன வலி? கால் வீக்கம் போன மாதத்தைவிடக் குறைவு. தூக்கமும் வருகிறது.

போன கடிதத்தில் குதித்துக்கொண்டு எழுதினேனே, அந்த அறிக்கையைப் பற்றி ஒரு விசித்திரமான சமாச்சாரம். முதலில் எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

விரிவாக்க நிதி யாருக்கு என்றால், வளர்ந்துகொண்டிருக்கும் ஆஸ்பத்திரிக்கு. வளர்ச்சி என்றால், போன வருஷத்தைவிட எத்தனை அறுவைச் சிகிச்சை அதிகம், எவ்வளவு செலவு அதிகம் என்பது. எங்கள் அறுவை அரங்கில் பதிவேடு எழுதுவதில் எப்போதும் கோளாறு. அவசரத்தில் செய்த சின்ன அறுவையெல்லாம் விட்டுப்போகும். அதனால் ஏறுமுகம் சார் பல வருஷங்களுக்கு முன்பே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். மயக்கம் கொடுக்கும் போது சேர்க்கிற வாயு இருக்கிறதே, சிரிப்பு வாயு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, நைட்ரஸ் ஆக்சைடு, அந்தச் சிலிண்டர் எத்தனை தீர்ந்தது என்று பார்த்து, அதிலிருந்து அறுவைச் சிகிச்சையின் எண்ணிக்கையைக் கணக்குப் போடுவார். “ரிஜிஸ்டர் பொய் சொல்லும்மா, சிலிண்டர் பொய் சொல்லாது” என்பது அவருடைய மந்திரம். அப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் எங்கள் கோடு ஏறிக்கொண்டிருந்தது. நானும் அந்தக் கோட்டைத்தான் அழகாக மை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அறுவை அரங்குகள் எல்லாவற்றையும் பூட்டித் தரை பெயர்த்துப் போட்டார்கள். புதுத் தளம் ஒட்டுகிற வேலை. ஒரு அறுவையும் கிடையாது, எல்லா நோயாளியையும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புகைக் கணக்குக்காக நான் வாயு அறைக்குப் போனேன். கட்டடத்தின் பின்புறம், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் இருக்கிற இரும்புக் கதவு அறை. சிலிண்டர்கள் வரிசையாகச் சங்கிலியில் கட்டி நிற்கும், அங்கிருந்து குழாய் சுவருக்குள் புகுந்து அரங்குக்குப் போகும். ஸ்பேனர் என்று ஊரே கூப்பிடும் எங்கள் மெக்கானிக் அப்போதுதான் காலியான சிலிண்டரைக் கழற்றிப் புதுசு மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் பாட்டுக்கு அளவைக் குறித்துக்கொண்டு பாதி வழி திரும்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அரங்கு பூட்டிக் கிடக்கிறது, பிறகு எதற்குப் புதுச் சிலிண்டர்? திரும்பிப் போய்க் கேட்டேன். ஸ்பேனர் தலையைச் சொறிந்தார். “அது பாட்டுக்குக் காலியாவுது, நான் பாட்டுக்கு மாட்டுறேன். எப்பவும் இப்படித்தானேம்மா” என்றார். பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து யார் ஐயா இவ்வளவு சிரிக்கிறார்கள் என்று கேட்டேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

மறுநாள் சோப்புத் தண்ணீரும் தூரிகையுமாகக் கிளம்பினோம். குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் அவர் தடவிக்கொண்டே போக, நான் டார்ச் பிடித்தேன். பொய்க்கூரைக்கு மேலே தவழ்ந்து போய் என் புடவை முழுக்க ஒட்டடை. இணைப்புக்கு இணைப்பு நுரை கொப்பளிக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, கட்டடம் கட்டிய நாளிலிருந்து இறுக்கிப் பார்க்காத இணைப்புகள். மயக்க மருந்து டாக்டரிடம் ஓடினேன். இப்பல்லாம் அந்த வாயுவை யாரு தொடுறா, எப்பவாவது கொஞ்சம், அவ்வளவுதான் என்று அலட்சியமாகச் சொன்னார். அதாவது நாங்கள் வாங்கியதில் மனுஷன் மூக்குக்குள் போனது துளி. மிச்சமெல்லாம் வானத்துக்கு. குழாய் பழசாகப் பழசாகக் கசிவு கூடியது, கசிவு கூடக்கூட எங்கள் வளர்ச்சிக் கோடு ஏறியது.

அந்த வாயு என்ன லேசுப்பட்டதா? எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்குமாம். நூறு வருஷம் மேலேயே இருக்குமாம். ஆம்புலன்ஸ், ஜெனரேட்டர் என்று நான் உருட்டி உருட்டிக் கூட்டிய கணக்கெல்லாம் இதன் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போதெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு வருஷமாக நோயாளிக்கு என்று செலவு எழுதி, காற்றுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம், அதுவும் தப்பான வைத்தியம். அந்தச் செலவு ஊர் வருமானத்திலும் ஏறியிருக்கிறது. என் மூன்று கோடும் அங்கே ஒரே குழாயிலிருந்து குடித்துக்கொண்டிருந்தன. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு சந்தோஷம், சின்னப் பிள்ளை மாதிரி. உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்தச் சந்தோஷம் ஏறுமுகம் சாரின் அறை வரைக்கும்தான் தாங்கியது. கசிவைக் கழித்துவிட்டு உண்மையான எண்ணிக்கையைப் போட்டால் எங்கள் கோடு ஏறவில்லை. நான்கைந்து வருஷமாகப் படுத்துக் கிடக்கிறது. படுத்துக் கிடக்கும் ஆஸ்பத்திரிக்கு நிதி கிடையாது. நிதி இல்லை என்றால் எட்டு நாற்காலியும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார்: “இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுடும்மா. நாற்காலி வந்து இறங்கட்டும், அப்புறம் ஓட்டையை அடைச்சுக்கலாம். உங்க மாமனாருக்கும் அதுல ஒரு இடம் இருக்குல்ல?”

இருக்கிறது. அதுதான் என் கஷ்டம். நான் வாயை மூடிக்கொண்டால் நீங்கள் வீடு வந்து சேரலாம். யாருக்கும் தெரியாது. ஸ்பேனர்கூட, நீங்க சொல்றபடி செய்யறேன் என்கிறார். இப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்ததே என்று கோபம் வருகிறது, வந்த எண்ணம் போகவும் மாட்டேன் என்கிறது. ராத்திரி மாமாவின் காலைப் பிடித்துவிடும்போது, சொல்லாமல் விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது. காலையில் வாயு அறைப் பக்கம் போனால் வேறு மாதிரி தோன்றுகிறது. இரவும் பகலும் அது போய்க்கொண்டே இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அறிக்கை அனுப்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

நேற்று போனில் சிக்னல் அடிக்கடி போயிற்று.

கவலையோடும் கோபத்தோடும்,
உங்கள் வீட்டுக்காரி


சனிக்கிழமை

என் உயிருக்கு உயிரானவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உண்மையை எழுதிவிடு, பயப்படாதே என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு அலுவலகத்திலேயே அழுதேன், பெருமையில். பக்கத்தைத் திருப்பினால், அப்பா வைத்தியத்தைப் பற்றி யோசிக்காதே, நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று அதே பேனாவால் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்கும் அழுதேன். அது பெருமையில் இல்லை.

முதல் பக்கத்தில் சொன்னபடி செய்துவிட்டேன். அறிக்கையில் உண்மையான எண்ணிக்கைதான் போயிருக்கிறது. குழாயை அடைத்தாயிற்று. இனி தேவைப்படும் அரங்குக்கு மட்டும் சின்னச் சிலிண்டரைச் சக்கர வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஸ்பேனருக்கு வாரம் பூராவும் சிலிண்டர் மாட்டின வேலை போய், கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். ஏறுமுகம் சார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் வந்து, தானே போட்ட கணக்குமுறைதான் தப்பு என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனார். அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

நிதி வெட்டிவிட்டார்கள். எட்டு நாற்காலி இரண்டாகியது. நோய் முற்றியவர்களுக்கு முதலில் என்பது விதி, மாமாவுக்கு முன்னால் நீண்ட வரிசை. அது நியாயம்தான். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நாங்கள் வாயு வாங்குவதைக் குறைத்ததை என் தாளில் போட்டுப் பார்த்தேன், சிவப்புக் கோடு இறங்கியது, கறுப்பும் இறங்கியது, கூடவே பச்சையும் மயிரிழை இறங்கியிருக்கிறது. வாயு விற்றவர்களின் வியாபாரம் குறைந்ததல்லவா. ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வராமல் ஓட்டை அடைபட்டது, அதை ஊர்க் கணக்கு நஷ்டம் என்று எழுதிக்கொள்கிறது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு எத்தனையோ ராத்திரி யார் யாரை இழுக்கிறார்கள் என்று மண்டையை உடைத்தேனே, இப்போது வேறு ஒரு கேள்விதான் வருகிறது. எது ஏறினால் நமக்கு நல்லது என்று யாராவது முதலில் கேட்டார்களா?

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து மறைத்து எனக்குச் சலித்துவிட்டது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ மறுநாள் விடியற்காலையில் கிளம்பி, ஊருக்கு வெளியே ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மையத்துக்குத் தானே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். கட்டணம் பாதியைவிடக் குறைவு. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பழைய டிரைவர் என்பதால் டிக்கெட் இல்லை, முன்சீட்டும் அவருக்குத்தான். போகும் வழியெல்லாம் கியர் போடுவது சரியில்லை என்று ஓட்டுகிறவரைப் படுத்துகிறாராம். வருகிற வாரத்திலிருந்து அங்கேதான். என் சம்பளத்தில் சமாளிக்கலாம். இழுத்துப் பிடித்துத்தான் போகும், ஆனால் போகும். அதனால் பணத்தைக் காரணம் காட்டி இனி நீங்கள் எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் போனில் அனுப்பிய எக்ஸ்ரே படம் கிடைத்தது. உங்கள் அறைத்தோழருடையது, இருமல் என்கிறார், டாக்டரம்மாவிடம் காட்டிக் கேட்டுச் சொல் என்று எழுதியிருந்தீர்கள். பெயர் போட்டிருக்கும் மூலையை மட்டும் கட்டைவிரலால் மறைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். போகட்டும், காட்டினேன்.

டாக்டரம்மா விளக்குப் பலகைக்குப் பக்கத்தில் என் போனை வைத்துப் பெரிதுபண்ணிப் பெரிதுபண்ணிப் பார்த்தார். எத்தனை வருஷமாகத் தூசியில் வேலை செய்கிறார் என்று கேட்டார், சொன்னேன். இரண்டு பக்கமும் வடு விழ ஆரம்பித்திருக்கிறதாம். “விழுந்தது விழுந்ததுதான், அதை எடுக்க மருந்து கிடையாது. ஆனா இப்பவே அந்த இடத்தை விட்டு வெளிய வந்துட்டா மிச்சம் இருக்கிற நுரையீரலைக் காப்பாத்திடலாம். படத்தை மட்டும் பார்த்து முழுசா சொல்ல முடியாது, ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லு. இன்னும் ரெண்டு வருஷம்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல” என்றார். நான் தலையாட்டினேன்.

இன்னொன்றும் சொன்னார். இடது பக்கம், கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்பில் பழைய முறிவு ஒன்று கோணலாகக் கூடியிருக்கிறதாம். எங்கேயாவது விழுந்திருக்கிறாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உங்கள் அறைத்தோழரும் உங்களைப் போலவே கல்யாணமான புதிதில், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டாம், நானே மாட்டுகிறேன் பார் என்று மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி விழுந்திருப்பார் போலிருக்கிறது.

அவரிடம் நான் சொன்னதாகச் சில விஷயம் சொல்லுங்கள். அவர் அங்கே இருந்தால் சம்பளம் வருமானக் கோட்டில் ஏறும். அவர் பழுது பார்க்கும் கொதிகலன் எரிந்து கறுப்புக் கோடு ஏறும். பிறகு அவருக்கே வைத்தியம் பார்க்கும்போது சிவப்பும் ஏறும். ஊரில் எல்லோருக்கும் திருப்தி. அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டால் எந்தக் கோடும் ஏறாது, எந்த அறிக்கையிலும் அது வராது. ஆனால் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லுங்கள். அவளுக்கு அவர்மேல் கோபம் இல்லை. பயம்தான். அவள் வாய்விட்டுக் கேட்க மாட்டாள், கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டிவரும் என்பதால்.

கையெழுத்துப் போடும் நாள் நெருங்குகிறது. அந்தக் காகிதத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வண்டி ஏறச் சொல்லுங்கள். டாக்டரம்மா வெள்ளிக்கிழமை காலையில் அவருக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார். எந்தப் பெயரில் எழுதிக்கொள்ளட்டும் என்று கேட்டார்கள்.

உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

வழிப்பயணம் நல்லபடியாக அமைய வேண்டிக்கொண்டு,
உங்கள் வீட்டுக்காரி